பழி ஏஜென்ட் மீது, வேலை யாருடையது?

"உங்கள் ஏஜென்ட்டைக் கழற்றிவிடுங்கள், கணினி தானாகச் சரியாகிவிடும்." நிறுவனக் கணினிகளுக்கு மென்பொருள் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்கள் யாரும் இந்த வாக்கியத்துக்குத் தப்பியிருக்க முடியாது. ஏஜென்ட் என்பது மைய நிர்வாகத்தின் கட்டளைகளை ஒவ்வொரு கணினியிலும் இருந்துகொண்டு நிறைவேற்றும் சிறு மென்பொருள். எங்களிடம் இந்தப் பேச்சு முதலில் உதவி மையத்தின் வழியாகவும், பிறகு துறைத் தலைவர்கள் வழியாகவும், கடைசியில் முறைப்படியான கோரிக்கையாகவும் வந்து சேர்ந்தது. காலையில் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கணினிகள் திணறுகின்றன, ஒரு கோப்பைத் திறக்கவே பொறுமை தேவைப்படுகிறது, ஏஜென்ட் சேவையை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்பதுதான் புகார். நிறுத்தினால் சரியாகிறது என்பது உண்மைதான், நானே பார்த்தேன். அதனால் குற்றவாளி ஏஜென்ட்தான் என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது ஏவியதைச் செய்யும் ஆள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

எல்லாக் கணினிகளையும் மையத்திலிருந்து நிர்வகிக்க நாங்கள் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜர். பழகியவர்கள் வாயில் இன்றும் எஸ்சிசிஎம். ஒவ்வொரு கணினியிலும் அதன் ஏஜென்ட் சிசிஎம்எக்செக் என்ற பெயரில் ஓடும். சேவைப் பட்டியலில் எஸ்எம்எஸ் ஏஜென்ட் ஹோஸ்ட் என்று தெரியும். நிர்வாகி உரிமை வைத்திருந்த சிலர் அந்தச் சேவையைத் தாங்களே நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் அது மீண்டும் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு கோபம் இரட்டிப்பானது. அதில் மாயம் ஒன்றுமில்லை. சிசிஎம்ஈவல் என்ற திட்டமிட்ட பணி நாள்தோறும் ஏஜென்ட்டின் உடல்நிலையைச் சோதித்து, நின்றிருந்தால் கிளப்பிவிடும்.

கணினி திணறும் நேரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. பிற்பகலில் போய்ப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 4 ஜிபி நினைவகமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் கொண்ட ஒரு கணினியைத் தேர்ந்தெடுத்தேன். டாஸ்க் மேனேஜரில் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆனால் சிசிஎம்எக்செக் எடுத்துக்கொண்ட சிபியு சொற்பம். பட்டியலின் மேலே இருந்தவை வேறு மூன்று: டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட் (கணினியைப் பற்றிய விவரங்களைக் கேட்டால் எடுத்துத் தரும் விண்டோஸ் வசதி டபிள்யூஎம்ஐ), விண்டோஸ் இன்ஸ்டாலரான எம்எஸ்ஐஎக்செக், வைரஸ் தடுப்பு மென்பொருள். யாரும் எதையும் நிறுவாத நேரத்தில் இன்ஸ்டாலருக்கு அங்கே என்ன வேலை? அந்தக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொண்டேன். அதற்குமுன் கண்ணெதிரே தெரிந்த வேறொன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது.

இருப்புக் கணக்கெடுப்பு, அதாவது இன்வென்டரி, இயல்பாக 7 நாளுக்கு ஒருமுறை எளிய அட்டவணையில் ஓடும். எளிய அட்டவணை என்றால் ஒவ்வொரு கணினியும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கும், சுமை தானாகப் பரவிவிடும். எங்கள் அமைப்பில் என்றோ ஒருவர் அதைத் தனிப்பயன் அட்டவணைக்கு மாற்றி, தினமும் காலை 10 மணி என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். தனிப்பயன் அட்டவணையில் மென்பொருள் கணக்கெடுப்பு எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் கிளம்பும். தனித்தனிக் கணினிகளாவது ஓரளவு தாங்கின. ஒரே சர்வரில் பல மெய்நிகர் மேசைக்கணினிகள் ஓடும் இடத்தில், அத்தனையும் ஒரே சேமிப்பகத்தின் மீது ஒன்றாக விழுந்தன. போதாக்குறைக்கு, மென்பொருள் கணக்கெடுப்பு எல்லா வட்டுகளிலும் உள்ள எக்ஸ்இ கோப்புகள் அனைத்தையும் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஏஜென்ட் ஒவ்வொரு கோப்பாகத் தொட, அது தொட்ட கோப்பையெல்லாம் வைரஸ் தடுப்பானும் தொட்டுப் பார்த்தது.

இந்தப் பட்டியலை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒருவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நிறுவப்பட்ட மென்பொருள்களின் விவரம் வன்பொருள் கணக்கெடுப்பிலேயே வந்துவிடுகிறது, உரிமக் கணக்குக்கு அதுவே போதுமாக இருந்தது. கோப்புத் தேடலை இரண்டொரு பெயர்களுக்குச் சுருக்கி, அட்டவணையை எளிய வகைக்குத் திருப்பினேன். முழுத் தேடலைக் கைவிட முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. எஸ்கேபிஎஸ்டபிள்யூஐ டாட் டேட் என்ற பெயரில் மறைக்கப்பட்ட கோப்பு ஒன்றை ஒரு கோப்புறையில் வைத்தால், மென்பொருள் கணக்கெடுப்பு அந்தக் கோப்புறையைத் தாண்டிப் போய்விடும்.

புகார்கள் குறைந்தன, ஓயவில்லை. இனி இன்ஸ்டாலர் கேள்வி.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்தால், எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் எழுதிய 1035 எண் நிகழ்வுகள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றும் ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி, விண்டோஸ் இன்ஸ்டாலர் அதை மறுஅமைப்புச் செய்தது என்றது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. கணினியில் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலரின் நிறுவல் பொதி) வழியாக நிறுவிய எதுவும் விடுபடவில்லை. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு விண்டோஸ் கோப்புறைக்குள் சிசிஎம், அதற்குள் லாக்ஸ் என்று போய், ஏஜென்ட் எழுதும் ஆப்டிஸ்கவரி பதிவை சிஎம்டிரேஸ் என்ற பதிவு வாசிப்பானில் திறந்தேன். அதே நிமிடத்தில் ஒரு மென்பொருள் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் கண்டறிதல் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தது. ஸ்கிரிப்ட் என்றாலும் ஒரே வரிதான்: வின்32 ப்ராடக்ட் என்ற டபிள்யூஎம்ஐ வகுப்பைக் கேட்டு, வரும் பட்டியலில் ஒரு பெயரைத் தேடு.

பார்க்கச் சாதுவான வரி. அந்த வகுப்பைக் கேட்டால் விண்டோஸ் பட்டியலை மட்டும் எடுத்துத் தந்துவிட்டு நிற்காது. எம்எஸ்ஐ வழியாக நிறுவிய ஒவ்வொரு மென்பொருளையும் சரிபார்த்து, குறையிருந்தால் பழுதும் நீக்கும். பெயரில் வடிகட்டினாலும் தப்பிக்க முடியாது, முழுவதையும் சுற்றி வந்த பிறகுதான் வடிகட்டும். பழுதுநீக்கம் இன்னொரு தொல்லையையும் கொண்டுவந்திருந்தது. வேண்டுமென்றே முடக்கிவைத்திருந்த ஒரு சேவை சில கணினிகளில் தானாக இயங்கத் தொடங்கியதாக வேறொரு குழு தனியே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய நேரக் குறிப்புகளை வாங்கி 1035 நிகழ்வுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன், பொருந்திப்போயின.

நிறுவ வேண்டியவை நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று ஏஜென்ட் மீண்டும் பார்க்கும், இயல்பாக 7 நாளுக்கு ஒருமுறை நடக்கும் மென்பொருள் மறுமதிப்பீடு எங்களிடம் தினசரி காலைக்கு மாற்றப்பட்டிருந்ததால் இந்தக் கூத்து தினமும் நடந்தது. ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு, அந்த எம்எஸ்ஐயின் ப்ராடக்ட் கோடை, அதாவது அதன் அடையாளக் குறியீட்டை, நேரடியாகச் சோதிக்கும் கண்டறிதல் முறையை வைத்தோம். ஸ்கிரிப்டே வேண்டும் என்றால் விண்டோஸின் அமைப்புக் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியில், நிறுவியவற்றைப் பட்டியலிடும் அன்இன்ஸ்டால் கிளையைப் படிக்கலாம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்களுக்கு வேறு கிளை உண்டு, இரண்டையும் படிக்க வேண்டும். முதலில் ஒரு சிறு சோதனைக் குழுவுக்கு மட்டும் அனுப்பி, 1035 நின்றதைப் பார்த்த பிறகே எல்லாருக்கும் திறந்துவிட்டேன். மறுமதிப்பீட்டையும் பழையபடி 7 நாளுக்குத் திருப்பியாயிற்று.

வைரஸ் தடுப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கிய மென்பொருள்கள் தங்கும் சிசிஎம் கேஷ் உள்ளிட்ட ஏஜென்ட் கோப்புறைகளுக்கு வைரஸ் சோதனையிலிருந்து விலக்கு கேட்டேன். பாதுகாப்புக் குழு சிலவற்றுக்குச் சம்மதித்தது, சிலவற்றுக்கு மறுத்தது. மறுத்ததில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

எல்லாம் அடங்கியது என்று நினைத்தபோது, ஒரு துறையின் கணினிகளில் மட்டும் 1035 தொடர்ந்தது. ஏஜென்ட் பதிவுகளில் அந்த நேரத்தில் எதுவுமே இல்லை. இம்முறை தடயம் இடைவெளியில் இருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 90 நிமிடத்துக்குக் குறைவாக ஒருபோதும் இல்லை, இரண்டு மணி நேரத்தைத் தாண்டவும் இல்லை. விண்டோஸ் நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு அந்த எண் உடனே உறைக்கும். கணினி அமைப்புகளை மையத்திலிருந்து விதிக்கும் குரூப் பாலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அதோடு 30 நிமிடம் வரை தற்செயல் தாமதம் சேரும். உறுதிசெய்ய டபிள்யூஎம்ஐ ஆக்டிவிட்டியின் டிரேஸ் பதிவைச் சற்று நேரம் திறந்துவைத்தேன். கேட்கப்பட்ட வினவலையும், கேட்டவரின் ப்ராசஸ் எண்ணையும் அது எழுதிவைக்கும். அதுவே சுமை என்பதால் வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். வினவலில் அதே வின்32 ப்ராடக்ட். ப்ராசஸ் எண், குரூப் பாலிசி சேவை ஓடும் எஸ்விசிஹோஸ்ட் என்ற ப்ராசஸுடையது. ஒரு பாலிசியில் வைத்திருந்த டபிள்யூஎம்ஐ வடிகட்டி, குறிப்பிட்ட மென்பொருள் உள்ள கணினிகளுக்கு மட்டும் அமைப்பைத் தருவதற்காக அந்த வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏஜென்ட்டுக்கு இதில் துளியும் பங்கில்லை. அதை நீக்கியிருந்தாலும் இந்தக் கணினிகள் திணறிக்கொண்டேதான் இருந்திருக்கும். பாலிசியைக் கவனிப்பவர் வடிகட்டியை எடுத்துவிட்டு, அந்தக் கணினிகளை ஒரு செக்யூரிட்டி குரூப்பில் (பாலிசி பொருந்த வேண்டிய கணினிகளின் பட்டியல்) சேர்த்து வேலையை முடித்தார்.

மிச்சம் இருப்பவை ஹார்டு டிஸ்க் வைத்த பழைய கணினிகள். மாதாந்திர அப்டேட் ஸ்கேன் வரும்போது அவை இன்னும் மூச்சு வாங்குகின்றன. அப்டேட் நிறுவலை அவற்றுக்கு வேலை நேரத்துக்கு வெளியே உள்ள பராமரிப்பு நேரத்துக்குத் தள்ளியிருக்கிறேன். ஸ்கேனுக்கு அது பொருந்தாது. புது வட்டு வரும்வரை அந்தப் புகார்கள் வரும்.