ஆர்.ஆர். வரும்வரை

மார்ச் 4
ஆர்.ஆர்., அதாவது படத்தின் பின்னணி இசை, இன்னும் வரவில்லை. நாளைக்கு என்கிறார் இசையமைப்பாளர்.

மார்ச் 5
படத்தில் அவள் கதவைப் பார்க்கும் ஷாட். சும்மா ஒரு செல்லோ இசையைப் போட்டு ஓட்டினேன்: விட்டுப்போனவனுக்காக ஏங்குகிறாள். அதை எடுத்துவிட்டு அடிக்குரலில் ஒரு ட்ரோன், விடாமல் ஒலிக்கும் ஒரே சுரம், வைத்தேன்: வெளியே யாரோ நிற்கிறான், அது அவளுக்குத் தெரியும். ஒரு ஃப்ரேம்கூட மாற்றவில்லை. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஒரே முகத்தோடு சூப்பையும் சவப்பெட்டியையும் மாற்றி மாற்றி ஒட்டினார், பார்த்தவர்களுக்கு முகத்தின் உணர்ச்சியே மாறித் தெரிந்தது என்று படிக்கும்போது வாயைப் பிளந்தோம். இங்கே ஒட்டுவதற்கு இன்னொரு ஷாட்கூடத் தேவைப்படவில்லை.

மார்ச் 6
அப்பா நன்றாகத் தூங்கினார்.

மார்ச் 8
அப்பாவின் வாயின் இடப்பக்கம் எவ்வளவு அசைகிறது என்று பிசியோதெரபிஸ்ட்டுக்குக் காட்ட எடுத்த வீடியோ அது. தங்கை அதற்கு மெதுவான பியானோ சேர்த்து, குடும்பக் குழுவில் போட்டிருக்கிறாள். அத்தை அழுதாராம். 'அண்ணன் விடைபெறுகிற மாதிரி இருக்கு' என்று சித்தப்பா எழுதியிருக்கிறார்.
விடைபெறவில்லை. டிவி ரிமோட்டைத் தேடினார்.

மார்ச் 9
தூக்கம் இல்லை. 2009இல் லோகேஸ்வரன், பட்டாச்சார்யா என்ற இருவர் செய்த ஆய்வு: முதலில் 15 விநாடி இசை, அப்புறம் ஒரு முகப்படம். சந்தோஷ இசைக்குப் பிறகு முகம் சந்தோஷமாகத் தெரிகிறது, சோக இசைக்குப் பிறகு சோகமாக. எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தில்தான் இது மிக அதிகம். அப்பாவின் முகம் இப்போது அப்படித்தான். யார் எதை ஊற்றினாலும் அதன் நிறம்.
முகமே வேண்டாம். ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் 1944இல் எடுத்த படத்தில் நகர்வது இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு செவ்வகம், அவ்வளவுதான். 1988இல் மார்ஷலும் கோஹனும் அதற்கு வெவ்வேறு இசை போட்டுக் காட்டியதும், முக்கோணங்களின் சுபாவமே பார்த்தவர்களுக்கு மாறித் தெரிந்தது. முக்கோணத்துக்கே இந்தக் கதி!

மார்ச் 10
இயக்குநருக்குச் செல்லோ பழகிவிட்டது. இனி எது வந்தாலும் 'ஏதோ குறையுது' என்பார். போட்டுக் காட்டியிருக்கவே கூடாது என்று எல்லா எடிட்டரும் சொல்வார்கள், எல்லாரும் போட்டும் காட்டுவார்கள்.

மார்ச் 12
அப்பா வீடியோவின் ஒரிஜினலைப் பார்த்தேன். ஃபேன் சத்தம், அவர் முணுமுணுப்பு, எரிச்சல். இது அப்பா. ஆனால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பியானோ தானாகத் தலைக்குள் ஓடுகிறது. தங்கையிடம் கத்தினேன். "அழகா இருக்கட்டும்னுதானே போட்டேன் அண்ணா" என்றாள். வேலைக்காக நானும் தினம் செய்வது அதுதான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

மார்ச் 13
ஆர்.ஆர். வந்துவிட்டது. அந்த ஷாட்டுக்குப் புல்லாங்குழல். கடைசி சுரத்தைக் கொஞ்சம் இழுத்திருக்கிறார். அவள் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, இயக்குநர் விடமாட்டார். ராத்திரி மறுபடி பார்க்க வேண்டும். 4 மணிக்கு அப்பாவுக்கு ஸ்கேன்.