தீர்த்தமலை வலம்: தர்மபுரியிலிருந்து சைக்கிளில் இரண்டு நாள்

தர்மபுரி, காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, அனுமன்தீர்த்தம், தீர்த்தமலை, அரூர், மொரப்பூர், மறுபடி தர்மபுரி. மொத்தம் ஏறக்குறைய 160 கி.மீ. வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, தெற்கே இறங்கி, மேற்கே முடிவதால் இந்தச் சுற்று தானாகவே வலமாக அமைகிறது. இதைத் திருப்பிப் போக வேண்டாம். பக்தி ஒரு காரணம் என்றால் காற்று இன்னொன்று. மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று முதல் நாள் எதிரே வரும். அப்போது உடம்பில் தெம்பு இருக்கும். இரண்டாம் நாள் அரூரிலிருந்து மெல்ல உயரும் சாலையில் களைத்து வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். ஆடியில் போனால் கணக்கு தலைகீழ்.

திட்டத்தைத் தீர்த்தமலை மேலுள்ள சிவன் கோயிலின் நடை சாத்தும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வெயில் ஏறுமுன் மலையேற வேண்டும் என்றால் காலை 8.30-க்குள் அடிவாரம் சேர வேண்டும். அதற்கு முந்தைய இரவு ஊத்தங்கரையில் தங்குவதே சரி.

முதல் நாள் தர்மபுரி கோட்டைக் கோயிலில் நடை திறந்ததும் கல்யாண காமாட்சியையும் மல்லிகார்ஜுனேசுவரரையும் தரிசித்துவிட்டுக் கிளம்பலாம். அடி தரையில் படாமல் நிற்கும் தொங்கும் தூண்கள் இரண்டையும் அவசரமில்லாமல் பாருங்கள். அதன்பின் காரிமங்கலம் வழியாகக் காவேரிப்பட்டினம். தேசிய நெடுஞ்சாலையைத் தொடும் இடங்களில் சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போவதே நல்லது. வெடித்த லாரி டயர்களின் இரும்புக் கம்பித் துணுக்குகள் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் சேர்ந்து கிடக்கும். முடி போல மெல்லிய அந்தக் கம்பி டயரில் ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. டியூபை மட்டும் மாற்றிப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும். பஞ்சு அல்லது பழைய துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் தேய்த்து வாருங்கள். நூல் சிக்குகிற இடத்தில் கம்பி இருக்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். கிராமச் சாலைகளில் சீமைக்கருவேல முள்ளும் இதே வேலையைச் செய்யும்.

28 மி.மீ. அகல டயரைவிட 32 மி.மீ. இந்தச் சாலைகளுக்கு ஏற்றது. 70 கிலோ எடையுள்ளவருக்குப் பின் டயரில் 70, முன் டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். டியூப் இரண்டு, ஒட்டுப் போடும் சாமான், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு கட்டாயம். மெல்லிய பிரெஸ்டா வகை வால்வுக்கு ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது. அதற்கான சின்னப் பித்தளை அடாப்டர் பையில் இல்லையென்றால் கடை எதிரே இருந்தும் பயனில்லை.

வலம் போகும்போது திருப்பங்கள் பெரும்பாலும் வலப்பக்கம் வரும். எதிர் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியிருப்பதால் பெரிய சந்திப்புகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கலாம். காவேரிப்பட்டினம் பக்கம் தென்பெண்ணைக் கரையில் பெண்ணேஸ்வரமடம் இருக்கிறது. சற்றே விலகிப் போக வேண்டும், ஆனால் தவறவிடக் கூடாத சிவாலயம். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறந்திருந்தால் ஆற்றுத் தரைப்பாலங்களை நம்ப வேண்டாம். போச்சம்பள்ளியில் ஞாயிறு சந்தை. அன்று சாலை நெரியும், முதல் நாளைச் சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராமர் பூஜைக்கு அனுமன் கங்கை நீர் கொண்டுவரத் தாமதமாகவே, ராமர் பாணம் விட்டு மலையில் தீர்த்தம் வரவழைத்தார். அனுமன் வீசிய நீர் விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம் என்பது தலபுராணம். அதனால் இரண்டையும் ஒரே காலையில் தரிசிப்பதுதான் நிறைவு. ஊத்தங்கரையிலிருந்து விடிந்ததும் கிளம்பி, ஆற்றங்கரையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத் தீர்த்தமலைக்கு மிதிக்கலாம். ஆடிப்பெருக்கன்று அனுமன்தீர்த்தத்தில் கூட்டம் மிகும்.

மலைக்கு நடந்துதான் ஏற வேண்டும். சைக்கிளை அடிவாரத்தில் கடைக்காரரிடம் சொல்லிப் பூட்டிவிடுங்கள். விளக்கு, மீட்டர், பை எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளுங்கள். பெடலில் பூட்டும் கிளீட் வைத்த ஷூ படியில் வழுக்கும் என்பதால் செருப்பு ஒரு ஜோடி வேண்டும். சைக்கிள் கால்சட்டைக்கு மேல் கட்ட நாலு முழ வேட்டி சுருட்டி வைத்தால் இடமே அடைக்காது. குரங்குகள் உண்டு, பழத்தைக் கையில் ஏந்திப் போகாதீர்கள். மேலே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் தலையில் விழும்போது ஏறிய களைப்பெல்லாம் போகும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். தெரிந்த பாடலை அங்கே நின்று பாடுங்கள்.

இறங்கியதும் உடனே மிதிக்காதீர்கள், படியிறங்கிய தொடை பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்து மெல்லக் குடித்துவிட்டு, அரூரில் சாப்பாடு. வெயில் தாழ மூன்றரைக்கு மேல் கிளம்பினாலும் மீதி 40 கி.மீ. இருட்டும் நேரத்தில் முடியும். பின்விளக்கு எரிய வேண்டும். முடியாதென்று தோன்றினால் மொரப்பூரிலேயே நிறுத்திவிட்டு, சைக்கிளை ஏதாவது சரக்கு வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

மறுநாள் விடுமுறை இருந்தால் சேலம் சாலையில் அதியமான்கோட்டை காலபைரவரைத் தனியாகப் போய்த் தரிசித்து வரலாம். தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். சைக்கிளோடு போவதற்கு வேறு நாளே நல்லது.