விசேட திறமைகள்: இல்லை

படிவத்தில் 7ஆவது கேள்வி 'விசேட திறமைகள்'. வன்னியில் எங்கள் கிராம அலுவலர் அலுவலகத் தாழ்வாரத்தில் 30 கதிரை போட்டு, முதியோர் சங்கத்தைக் கூட்டி, ஆளுக்கொரு படிவம் கொடுத்திருந்தேன். பொதுவேலைகளுக்கு மூத்தவர்களில் இருந்து தொண்டர்களைத் திரட்டுவது அந்த வருட வேலைத்திட்டத்தில் எனக்கு வந்த பங்கு. முன்வரிசையில் இருந்த ஐயா சாறத்தை ஒதுக்கிக்கொண்டு, பேனாவை இரண்டு தரம் உதறிப் பார்த்து, 7க்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து அதையே எழுதினார். அது அப்படியே பின்வரிசை வரைக்கும் போனது. திரும்பி வந்த 26 படிவங்களில் 22இல் 'இல்லை'. ஒன்றில் 'சமையல்'. மூன்றில் அந்த இடம் வெறுமை.

முதல் 'இல்லை'யை எழுதிய ஐயா யார் என்று பிறகுதான் விசாரித்தேன். 1970களின் தொடக்கத்தில், படித்த இளைஞருக்குக் காணி கொடுத்துக் கமம் செய்யவைத்த படித்த வாலிபர் திட்டத்தில் விசுவமடுப் பக்கம் வந்து காடு வெட்டியவர். வெளிநாட்டு மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. செத்தல் மிளகாய்க் காசில் உழவு இயந்திரம் வாங்கியவர்களில் இவரும் ஒருவர். பிறகு கலியாணம் முடித்து எங்கள் பக்கம் வந்து, பல வருடம் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குக் குளத்துத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளராக இருந்திருக்கிறார். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்தில் கிடக்கிற அரைகுறைத் தண்ணீரைத் தலைமடைக்கும் கடைமடைக்கும் அடிபிடி இல்லாமல் பங்கிட்ட மனுசன். அவருக்குத்தான் விசேட திறமை இல்லையாம்.

கூட்டம் கலைகிறபோது ஒரு ஆச்சி என் கையைப் பிடித்தார். "பிள்ளை, இதுக்கு என்ன தருவினம்?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தொண்டு என்று இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியது எதற்கு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. 2009இல் யுத்த முடிவில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து மீளக்குடியமர்ந்த சனத்துக்குப் பதிவு என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். தகரம் வந்தது, தறப்பாள் வந்தது, மண்வெட்டி வந்தது, கோழிக்குஞ்சும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து. வருடக்கணக்காகப் பெறுபவர் பட்டியலில் மட்டுமே பெயர் இருந்த ஒருவரிடம் அதே கதிரையில் இருத்தி, அதே மாதிரி ஒரு தாளை நீட்டி, இன்று நீங்கள் கொடுக்கிறவர் என்றால் அவர் என்ன நினைப்பார்? ஆச்சி கேட்டதில் பிழை இல்லை. கேட்ட விதத்தில் பிழை விட்டது நான்.

அலுவலகத்தின் பழக்கமும் அப்படித்தான். 60 வயதானால் முதியோர் அடையாள அட்டை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நாங்கள் தூசு தட்டி எடுப்பது, பிள்ளைகள் பார்க்கவில்லை என்று யாராவது முறைப்பாட்டோடு வந்தால்தான். ஒக்டோபர் 1 வந்தால் விழா. 1990இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளை முதியோருக்கென்று ஒதுக்கியது. எங்கள் நாட்டில் சிறுவர் தினமும் அன்றைக்கே. பிள்ளைகள் ஆட, மூத்தவர்கள் பந்தலுக்குக் கீழே மூன்று மணித்தியாலம் இருந்து பார்த்து, ஒரு துவாயும் வடையும் தேத்தண்ணியும் பெற்றுக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஒரு ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "வருசத்துக்கு ஒருக்கா எங்களைத் திருவிழாச் சாமி மாதிரிச் சோடிச்சு இருத்துறியள்." நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதுதான் செய்தியில் வந்தது. எங்கள் பக்கத்துச் சிறிய குளமும் அன்று வான் பாய்ந்தது. சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு நின்றது. எந்த ஒழுங்கையால் போவது என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அப்போது டோர்ச் லைட்டோடு ஒருவர் முழங்கால் தண்ணீரில் வந்தார். வட்டவிதானை ஐயா. "றோட்டாலை போகாதேங்கோ, மதகு இழுத்திருக்கும். பழைய வண்டில் பாதையாலை போங்கோ, அது மேடு." சொல்லிவிட்டு ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அடுத்ததாக எந்த வளவுக்குள் தண்ணீர் ஏறும், அந்த வீட்டில் நடக்க முடியாதவர் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். விடியப்புறம் வரை நான்கு நடை.

தைப்பொங்கல் கழிய அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை படிவம் கொண்டுபோகவில்லை. கமக்காரர் அமைப்பில் புதிதாகச் சேர்ந்த பொடியளுக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கிற துருசும் கிளை வாய்க்கால்களும் சரியாகத் தெரியாது, வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நடந்து காட்ட வருவீங்களோ என்று கேட்டேன்.

"எட்டுக்கு வெயில் ஏறீடும். ஆறரைக்கு வரச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். தொண்டர் என்ற சொல்லை நான் எடுக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் யாரையும் பொதுவாக அழைப்பதில்லை. என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு நேரம், ஏன் நீங்கள்தான் வேண்டும் என்பதைப் படலையடியில் நின்று நேரே சொல்வேன். ஊருக்கே வந்து ஆவணங்கள் செய்து கொடுக்கிற நடமாடும் சேவை வந்தபோது ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரை அப்படித்தான் கூப்பிட்டேன். ஊரில் அவர் 'மிட்வைஃப் அம்மா'. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த ஒரு இளம்பெண் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாள் என்றே தெரியாமல் நின்றாள். அம்மா அவளுடைய தாயின் பெயரைக் கேட்டார், தமையனின் பெயரைக் கேட்டார், கண்ணை மூடி யோசித்தார். "கொம்மா உன்னோடை வயித்திலை இருக்கேக்கை மல்லாவிக்கு இடம்பெயர்ந்தவ. அங்கை தேடுங்கோ." பதிவு அங்கேதான் கிடைத்தது. மூத்தவர்களுக்குத் திகதி தெரியாது. 1964ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்பது தெரியும்.

எல்லாம் இப்படி இனிப்பாக நடந்ததாக எழுதினால் அது பொய். காணி விசாரணைக்கான ஒரு காணிக் கச்சேரிக்கு முன் எல்லை தெரிந்த பெரியவர் என்று ஒருவரை நம்பி அழைத்துப் போனேன். எல்லை அந்தப் பாலைமரம்தான் என்று அடித்துச் சொன்னார். மரத்துக்கு அப்பால் உள்ள துண்டு அவருடைய மருமகனுடையது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் பிழை, விசாரித்திருக்க வேண்டும். இப்போது எல்லைக் கதைக்கு இரண்டு வேறு ஒழுங்கைகளில் இருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். ஆண்கள் மட்டும் இருந்தால் ஒருவர் கதைக்க மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

சிறு பிணக்குகளைத் தீர்க்கிற மத்தியஸ்த சபை போன்றவற்றில் மூத்தவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். நான் பார்த்த அளவில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். கடிதம் எழுதத் தெரிந்தவரைத்தான் எங்கள் கண் முதலில் தேடுகிறது.

அப்புறம், மூத்தவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்ற நினைப்பு. வன்னியில் அதை விட்டுவிட வேண்டும். பெற்றோரை யுத்தத்தில் இழந்த பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஆச்சிமார் எத்தனை பேர். இன்றைக்குத் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போன வீட்டில் பள்ளிக்கூடம் கூட்டிப்போவதும் அவர்கள்தான். கிளினிக் நாளில் கூட்டம் வைத்தால் யார் வருவார்? பின்னேரம் வைத்தால் யானை பயம். பஸ் காசைச் சொந்தக் கையால் போடவைப்பது நியாயமில்லை. சாய்மானம் உள்ள கதிரையும் பக்கத்தில் ஒரு மலசலகூடமும் இல்லாவிட்டால், மேடையில் எவ்வளவு உருகிப் பேசினாலும் அடுத்த முறை ஆள் வராது.

சென்ற வருடம் மேலிடத்தில் இருந்து படிவம் திரும்ப வந்தது. 7ஆவது கேள்வி அப்படியே இருந்தது. இம்முறை வீடு வீடாகப் போய் நானே கேட்டு எழுதினேன். ஐயா திண்ணையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி முறை, வாய்க்கால், வெள்ளப் பாதை எண்டு எழுதட்டோ ஐயா?"

"அது வேலையெல்லோ பிள்ளை, திறமையோ?"

"இவை அப்பிடித்தான் கேட்டிருக்கினம்."

கொஞ்ச நேரம் இடித்தார். "அப்ப எழுதுங்கோ," என்றார். "மிளகாயையும் சேர்த்து எழுதுங்கோ."