நான்கு டெம்ப்ளர் பொம்மைகள், 54 மி.மீ.: மூன்று முடிந்தன

டெம்ப்ளர் வீரர் (சிலுவைப்போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவி-வீரர்) என்றதும் வெள்ளை அங்கியும் சிவப்புச் சிலுவையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வீரர்களின் சபை 1119 வாக்கில் தொடங்கி 1312இல் கலைக்கப்படும் வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருந்தது. எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் தூரிகையை எடுத்தால் பொம்மை தப்பாகிவிடும்.

முதல் பொம்மை, 1120. சபையைத் தொடங்கிய ஹியூ டி பேயனும் தோழர்களும் ஜெருசலேம் யாத்ரீகர்களுக்குக் காவல் நின்ற காலம். சீருடை கிடையாது, தானமாக வந்த துணிதான். மங்கிய பழுப்பும் சாம்பலும் போதும்.

இரண்டாவது, 1129. பிரான்சின் த்ருவா நகரில் கூடிய திருச்சபைக் கூட்டம் வெள்ளை மேலங்கியை அனுமதித்தது. சிலுவை இன்னும் வரவில்லை. வேலை அதிகம் இதில்தான். சங்கிலிக் கவசத்தை முதலில் முடியுங்கள்: கறுப்பு அடி, மேலே வெள்ளி நிறத்தில் டிரை பிரஷ் (தூரிகையிலுள்ள வண்ணத்தைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்ப்பது). வெள்ளைக்குப் பிறகு செய்தால் வெள்ளித் துகள் அங்கியில் ஒட்டிக்கொள்ளும், போகாது. அங்கிக்குச் சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு). அதன்மேல் வெள்ளை 3 பங்கு, சாம்பல் 1 பங்கு, ஒரு துளி பழுப்பு. அதே அளவு தண்ணீர் கலந்து நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. தூய வெள்ளை மடிப்பின் முகட்டில் மட்டும். அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் பொரிந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, 1187 ஜூலை, சிலுவைப் படை சலாதீனிடம் தோற்ற ஹத்தீன் போர். சிலுவையைப் போப் மூன்றாம் யூஜீன் 1147இல் கொடுத்துவிட்டார். மேலங்கியின் இடப்பக்கம், 5 மி.மீ. உயரம். நெட்டுக்கோடு முதலில், பிறகு குறுக்குக்கோடு. நீர்த்த சிவப்பு ஒரே பூச்சில் ரோஜா நிறமாகத்தான் நிற்கும். மூன்று பூச்சு வேண்டும். விளிம்பு பிசகினால் வெள்ளையால் திருத்தலாம். கிட்டில் வந்தது வாளித் தலைக்கவசம். அந்த ஆண்டுக்கு அது பொருந்தாது என்பதால் கழுத்தில் அறுத்து, 1 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, மூக்குத் தகடுள்ள கூம்புக் கவசத் தலை பொருத்தப்பட்டது. அறுத்ததை எறிய வேண்டாம், 1291இல் சிலுவைப் படையினரின் கோட்டை நகரான ஆக்கர் முற்றுகையிடப்பட்ட காலத்துக்கு அதுதான் சரி. அங்கியின் ஓரத்தில் சேறு பூசாதீர்கள். அந்தப் படை தண்ணீரில்லாமல் தவித்துத் தோற்றது. காய்ந்த புழுதிதான் வேண்டும். மழை நாளில் மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும், மூன்று நாள் உழைப்பும் போச்சு.

நான்காவது, 1314 மார்ச், பாரிஸ். ஆக்கர் விழுந்தபின் காக்க நிலமில்லை. கடனில் இருந்த பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் 1307 அக்டோபர் 13இல் பிரான்சிலிருந்த டெம்ப்ளர்களைக் கைது செய்தார். கடைசித் தலைவர் ஜாக் டி மோலே எரிக்கப்பட்ட நாளுக்குரிய பொம்மை இது. மேலங்கியும் சிலுவையும் கிடையாது. தாடியும் சாதாரண அங்கியும் எபாக்சி புட்டியில் வளர்கின்றன: இரு பாகமும் சம அளவு பிசைந்து, ஒரு மணி நேரம் இறுக விட்டு, ஊசியை நனைத்து முடி கீறவேண்டும். அங்கி இறுகிவிட்டது, தாடி பாக்கி.