ஒரு முழத்துக்குப் பத்து மடக்கு

தீபாவளிக்கு 12 நாள் இருந்தது. அலமாரியில் 41 ஜாக்கெட் துணிகள் வெட்டப்படாமல் காத்திருந்தன. நூலும் கொக்கியும் வாங்கிக்கொண்டு கணவரின் வண்டியில் திரும்பி வரும்போது, ஒரு திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. இரண்டு கால்களையும் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்திருந்த நான், இடது முழங்கால் அடிபட விழுந்தேன். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அந்தச் சிராய்ப்பை அவர் பல நாள் என்னிடம் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார்.

முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பின் மேல்தட்டு பிளந்து இறங்கியிருந்தது. வீக்கம் வடியட்டும் என்று ஆறு நாள் காத்திருந்து, பிறகு பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் மருத்துவர். ஆனால் முழங்காலை மடக்காமலும் இருக்கக் கூடாதாம். இதென்ன கூத்து என்றுதான் முதலில் நினைத்தேன். எடை ஏற்றினால் தூக்கி நிறுத்திய எலும்பு மறுபடி இறங்கிவிடும்; அசைக்காமல் போட்டு வைத்தால் மூட்டு உள்ளே ஒட்டி இறுகிவிடும் என்று பிசியோதெரபி செய்ய வந்த பெண் விளக்கினாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் புத்தூர் கட்டுப் போட்டிருக்கலாமே என்றார்கள். மீதிப் பேர் மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள் என்றார்கள். இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். தைரியம் இருந்தால் முழங்கால் மடங்கிவிடுமா? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலை அடிபட்ட காலின் கணுக்கால்மேல் போட்டு மெல்லப் பின்னால் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் தைரியமெல்லாம் நினைவுக்கு வராது. அத்தை அடுப்படியில் பாத்திரத்தை உருட்டும் சத்தம்தான் கேட்கும். என் குரல் வெளியே கேட்கக் கூடாதென்று அவர் வேண்டுமென்றேதான் உருட்டினார் என்பது பிறகு தெரிந்தது.

முதல் நாள் முழங்கால் மடங்கியது 35 டிகிரி. அடுத்த வாரம் 50. அப்புறம் 72. அதோடு நின்றுவிட்டது. 11 நாள் அதே 72. அதற்குள் தீபாவளி வந்து போயிருந்தது. அதற்கு முன்பே வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, முகத்தைப் பார்க்காமல் துணியை வாங்கிப் போயிருந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, பண்டிகைக்குப் போட வேண்டுமே. ஆனாலும் 72-இல் நின்ற காலோடு அந்தக் காலி அலமாரியைப் பார்க்கப் பிடிக்காமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நாலு நாள் ஒரு பயிற்சியும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பெண் அளந்தபோது 65. அவள் திட்டவில்லை. "அக்கா, கை சும்மாதானே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

உண்மைதான். தையல்காரிக்குக் கை சும்மா இருப்பது கால் ஒடிந்ததைவிடக் கேவலம். பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பி, புடவைக்கு ஃபால்ஸ் வைக்கும் வேலையை மட்டும் வாங்கினேன். அதைக் கையாலேயே தைக்கலாம். ஒரு ஃபால்ஸ் ஏறக்குறைய ஆறு முழம் இருக்கும். ஒரு முழம் தைத்ததும் பத்து மடக்கு. அடுத்த முழத்துக்கு, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டை ஐந்து எண்ணும் வரை அழுத்தி விடுவது, அதுவும் பத்து. இப்படியே மாற்றி மாற்றி. இன்றைக்கு மனம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. புடவைக்காரி சாயங்காலம் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

இன்ச் டேப்பும் கைக்கு வந்தது. என் தொடையில் ஒரு மச்சம் இருக்கிறது. அதன்மேல் டேப்பை வைத்து அளந்தேன்: 17¾ அங்குலம். வலது தொடையில் அதே உயரத்தில் 19½. ஒன்றே முக்கால் அங்குலம் சதை எங்கே போனதென்று தெரியவில்லை. ஊராருக்கு அளவெடுத்த நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி என் பெயரை எழுதி, ஞாயிறுதோறும் குறித்தேன். தினமும் அளந்தால் பைத்தியம் பிடிக்கும். காலையில் ஒன்று காட்டும், மாலை வீக்கத்தில் வேறொன்று காட்டும்.

எட்டு வாரம் முடிந்து முதலில் 15 கிலோ மட்டும் ஊன்றச் சொன்னார்கள். 15 கிலோ எவ்வளவென்று பாதத்துக்கு எப்படித் தெரியும்? எடை பார்க்கும் மெஷினை இரவல் வாங்கி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் இடது காலை வைத்து, முள் 15-இல் நிற்கும்வரை அழுத்திப் பழகினேன். மளிகைக் கடைக்காரர் பருப்பு நிறுப்பது போல இருந்தது. பொங்கலன்று பானை பொங்கும்போது வாக்கரோடு வாசலில் நின்றேன். குலவையிட மூச்சு இருந்தது, குனியத்தான் முடியவில்லை.

மாசி மாதம் 98 டிகிரி வந்தது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தையல் மெஷின்முன் உட்கார்ந்தேன். 20 வருடம் மிதித்த கால். ஆனால் இடது பாதம் ஒரு நொடி பிந்தியது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. புதிதாகப் பழக வரும் பிள்ளைகளிடம் இதற்குத்தான் நான் எரிந்து விழுவேன். நூல் கோத்தேன், மறுபடி அறுந்தது. அன்றைக்கு ஏழு முறை. எட்டாவது முறை ஒரு சாண் நேராக ஓடியது.

சம்மணம் போட்டு உட்கார இன்னும் வரவில்லை. பந்தியில் எனக்கு மட்டும் நாற்காலி. போன வாரம் ஒரு வாடிக்கைக்காரி, தீபாவளிக்கு வேறிடத்தில் தைத்த ஜாக்கெட்டைப் பையில் சுருட்டி எடுத்து வந்தாள். கை இறுக்குகிறதாம், பிரித்துத் தர முடியுமா என்று கேட்டாள். உள்ளே தையலுக்கு விட்டிருந்த துணியைப் பார்த்தேன். கால் அங்குலம்கூட இல்லை. வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.