லினக்ஸில் 'டம்மி அவுட்புட்' மட்டுமே தெரிந்த மடிக்கணினியில் சத்தம் வரவழைத்த அனுபவம்

மடிக்கணினியில் லினக்ஸைப் புதிதாக நிறுவி முடித்தேன். வைஃபை, டச்பேட், திரை வெளிச்சம் எல்லாம் எந்தத் தொந்தரவும் தராமல் வேலை செய்தன, சத்தம் மட்டும் வரவே இல்லை. அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரி. ஸ்பீக்கர் இல்லை, உள்ளேயே இருக்கும் மைக்கும் இல்லை. இந்த ஒரு வரியைப் பார்த்துச் சலித்துப்போய் லினக்ஸையே விட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் நான் எந்த வழியில் போய்ச் சரிசெய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லினக்ஸில் ஒலி என்பது ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்குமாடி மாதிரி. தரைத்தளத்தில் கெர்னலுக்குள் (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) அல்சா இருக்கிறது, சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது அதுதான், 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்தே அது கெர்னலோடு சேர்ந்து வருகிறது. அதற்கு மேலே, நிரல்களின் ஒலியை வாங்கி அல்சாவுக்கு அனுப்பும் ஒலி சர்வர். பல வருடங்கள் அந்த இடத்தில் பல்ஸ்ஆடியோ இருந்தது, இப்போது பெரும்பாலும் பைப்வயர் (லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2021ல் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10லும் அதற்கு மாறின). எந்தக் கார்டை எப்படித் திறப்பது, எதை முதன்மையாக வைப்பது என்பதைப் பைப்வயருக்காக வயர்பிளம்பர் பார்த்துக்கொள்கிறது. கீழேயிருந்து ஒரு கார்டும் வந்து சேராதபோது நிரல்கள் தடுமாறாமல் இருக்க ஒலி சர்வர் தானாக ஒரு போலிச் சாதனத்தை வைத்துக்கொள்ளும், அதைத்தான் நாம் 'டம்மி அவுட்புட்' என்று பார்க்கிறோம். அப்படியென்றால் மேலே இருக்கும் பைப்வயரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதில் பயனில்லை, கீழே போய்த்தான் தேட வேண்டும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பாதி யோசனைகள் அதைத்தான் செய்யச் சொல்கின்றன, அவற்றில் பல பல்ஸ்ஆடியோ காலத்தில் எழுதியவை. எந்த வருடம் எழுதியது என்று பார்க்காமல் அந்தக் கட்டளைகளை ஒட்டாதீர்கள்.

இது வெறும் ஊகமாக இருந்துவிடக் கூடாது என்று புளூடூத் ஹெட்செட்டை இணைத்துப் பார்த்தேன். அதில் பாட்டு நன்றாகவே கேட்டது. ஆக பைப்வயர், வயர்பிளம்பர் இரண்டிலும் பழுதில்லை, சிக்கல் உள்ளிருக்கும் கார்டுக்கும் கெர்னலுக்கும் இடையில்தான். புளூடூத் இல்லாதவர்கள் யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகிப் பார்த்தாலும் இதே விடை கிடைக்கும்.

அப்புறம் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல். 'ஏப்ளே' கட்டளையை '-எல்' சேர்த்துக் கொடுத்தால் அல்சாவுக்குத் தெரிந்த கார்டுகளைப் பட்டியலிடும், எனக்கு 'சவுண்ட் கார்டு எதுவும் கிடைக்கவில்லை' என்ற பதில் வந்தது. அனுமதிச் சிக்கலாக இருந்தாலும் இதே பதில் வரலாம் என்பதால் முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சொல்) போட்டு மறுபடி ஓட்டினேன், அப்போதும் அதே பதில். ஹெச்டிஎம்ஐ வழி ஒலிகூடப் பட்டியலில் இல்லை. இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள இயந்திரங்களில் அதுவும் இதே ஆடியோ கன்ட்ரோலர் வழியாகத்தான் போகிறது, அதனால் கன்ட்ரோலர் எழுந்திருக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும்.

சரி, வன்பொருளாவது கெர்னலின் கண்ணுக்குத் தெரிகிறதா? 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை '-என்என்கே' என்ற விருப்பத்தோடு ஓட்டியதில் 00:1எஃப்.3 என்ற முகவரியில் இன்டெல் டைகர் லேக்கின் ஆடியோ கன்ட்ரோலர் இருந்தது. பலர் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள், ஏனென்றால் அதன் கீழேயே 'பயன்பாட்டிலுள்ள டிரைவர்' என்று 'எஸ்ஓஎஃப்-ஆடியோ-பிசிஐ-இன்டெல்-டிஜிஎல்' என்ற பெயரும் இருந்தது. டிரைவர் இருக்கிறது, ஆனால் கார்டு இல்லை! டிரைவர் சாதனத்தைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது, எடுத்த பிறகு நடக்க வேண்டிய அடுத்த வேலையில் எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

எங்கே நின்றது என்பதைக் கெர்னல் எழுதி வைத்திருக்கும். அந்தப் பதிவைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையைச் சூடோவோடு ஓட்டி, அதில் 'எஸ்ஓஎஃப்' உள்ள வரிகளை மட்டும் கிரெப் என்ற தேடும் கட்டளையால் வடிகட்டினேன். சிவப்பு எழுத்தில் வந்த வரி இதுதான்: 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார் இன்டெல்/எஸ்ஓஎஃப்/எஸ்ஓஎஃப்-டிஜிஎல்.ஆர்ஐ ஃபெயில்ட் வித் எரர் -2'. இந்த -2 தற்செயலான எண் இல்லை, லினக்ஸில் 2ஆம் எண் பிழைக்கு 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பொருள். கோப்பு கெட்டுப்போகவில்லை, பதிப்பு பொருந்தாமல் போகவில்லை, வட்டில் அது இல்லவே இல்லை. அடுத்த வரியில் அந்தக் கோப்பு எந்தத் திட்டத்தில் கிடைக்கும் என்ற முகவரியைக்கூடக் கெர்னலே கொடுத்திருந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிழைச்செய்தி அபூர்வம், அதைப் படிக்காமல் கண்டதையும் முயன்று பார்ப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

ஒரு சவுண்ட் கார்டுக்கு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரல்) எதற்கு என்று தோன்றலாம். பழைய இன்டெல் இயந்திரங்களில் 'எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல்' என்ற மாட்யூல் (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர்) ஒன்றே போதும், அது தனியாக எதையும் கேட்காது. புதிய மடிக்கணினிகளில் மைக்குகள் டிஜிட்டல் வகை, அவை ஒலியை டிஜிட்டலாகவும் டிஜிட்டலை ஒலியாகவும் மாற்றும் கோடெக் சிப்போடு இணைக்கப்படாமல் இன்டெல் சிப்பில் இருக்கும் டிஎஸ்பி என்ற சிறிய செயலியோடு நேராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த டிஎஸ்பி ஓட அதற்கென்று ஒரு நிரல் வேண்டும், அதுதான் 2018ல் அறிவிக்கப்பட்ட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப். ஆர்ஐ என்று முடியும் ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று, எத்தனை மைக், எந்த வழியில் ஒலி போகும் என்று விவரிக்கும் டிபிஎல்ஜி கோப்பு ஒன்று, இரண்டும் இருந்தால்தான் கார்டு எழும்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு குறுக்குவழி உண்டு, கெர்னலுக்கு 'டிஎஸ்பி-டிரைவர்=1' என்ற அளவுருவைக் கொடுத்துப் பழைய மாட்யூலையே கட்டாயப்படுத்துவது. அதையும் சோதித்தேன். எந்தக் கோப்பையும் திருத்தாமல், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'எஸ்என்டி_இன்டெல்_டிஎஸ்பிசிஎஃப்ஜி.டிஎஸ்பி_டிரைவர்=1' என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் அது செல்லும். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, ஆனால் மைக் வரவில்லை. டிஎஸ்பியை ஒதுக்கினால் அதோடு இணைந்த மைக்கும் போய்விடும் என்பதால் இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வீடியோ அழைப்பில் பேச ஆரம்பிக்கும்போதுதான் மைக் இல்லாதது தெரியும், அப்போது காரணம் நினைவில் இருக்காது. ஸ்பீக்கரும் கோடெக்கும் நலமாக இருக்கின்றன என்று உறுதிசெய்ய மட்டும் இது நல்ல சோதனை.

உண்மையான தீர்வு ஒரு பொதியை நிறுவுவதுதான். டெபியன், உபுண்டு இரண்டிலும் 'ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட்', ஃபெடோராவில் 'அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர்', ஆர்ச்சில் 'எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர்'. குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்தெடுத்தால் இது விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். டெபியனில் பொதியே கிடைக்கவில்லை என்றால், 2023ல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அது உங்கள் மூலங்களின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். நிறுவியதும் கணினியை முழுவதும் அணைத்துப் போட்டேன். இந்த முறை டிமெசேஜில் பிழைக்குப் பதிலாக ஃபர்ம்வேரின் பதிப்பு எண், ஏப்ளே பட்டியலில் 'எஸ்ஓஎஃப்-ஹெச்டிஏ-டிஎஸ்பி' என்ற கார்டு, 'ஏரெக்கார்ட் -எல்' கொடுத்தால் மைக்கும் வரிசையில் நின்றது. பார்த்ததும் அவ்வளவு மகிழ்ச்சி!

ஆனாலும் ஸ்பீக்கர் பேசவில்லை. இது தனி விஷயம், கார்டு தெரிந்த பிறகுதான் இதைப் பார்க்க முடியும். அல்சாமிக்ஸரைத் திறந்தால் முதலில் பைப்வயரின் ஒரே ஒரு அளவுக்கோல் மட்டும் தெரியும், அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிடக் கூடாது. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் எல்லாம் தனித்தனியாக வரும். என்னுடையதில் ஸ்பீக்கரின் கீழே 'எம்எம்' என்று இருந்தது, அதாவது மியூட். அதன்மேல் போய் 'எம்' விசையைத் தட்டியதும் 'ஓஓ' ஆக மாறியது, அளவை மேலே ஏற்றினேன், 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளையை இரண்டு சேனல்களுக்கு ஓட்டினேன், இடமும் வலமும் மாறி மாறி இரைச்சல் வந்தது. இதற்குப் பிறகும் வராதவர்கள் அங்கேயே இருக்கும் 'ஆட்டோ-மியூட்' அமைப்பை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், ஹெட்ஃபோன் செருகியிருப்பதாக ஜாக் தவறாக நினைத்தால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு சின்னத் தொல்லை மிச்சமிருந்தது. சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு ஏதாவது ஒலித்தால் முதல் சொல் பாதி விழுங்கப்பட்டு 'டப்' என்று ஒரு சத்தத்தோடு வந்தது. வேலையில்லாத சாதனத்தை 5 விநாடியில் தூங்கவைப்பது வயர்பிளம்பரின் இயல்பு, அந்தக் காத்திருப்பு நேரத்தை 0 ஆக்கினால் தூங்கவே போகாது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகலாம், எனக்குப் பரவாயில்லை. இதற்கான அமைப்புக் கோப்பை எழுதும்போது கவனம் தேவை: 2024ல் வந்த 0.5 பதிப்பிலிருந்து வயர்பிளம்பர் லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை, ஜேசன் போன்ற வடிவத்தில்தான் எழுத வேண்டும். உங்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் எங்காவது சிக்கி யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், 'சத்தம் வரவில்லை' என்று மட்டும் எழுதாமல் 'அல்சா-இன்ஃபோ' ஸ்கிரிப்டை ஓட்டி அதன் அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள், கோடெக்கின் பெயரிலிருந்து கெர்னல் பதிவுவரை எல்லாம் அதில் இருக்கும். அது அறிக்கையை இணையத்தில் ஏற்றட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொன்னால் உங்கள் கணினியிலேயே கோப்பாகச் சேமித்துவிடும், முதலில் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டே அனுப்பலாம்.