அனுபவம் கேட்டுக் கேட்டே பதினோரு மாதம் போனது

போன வாரம் எங்கள் தெருவில் பி.காம். முடித்த ஒரு பெண் வந்து, "அக்கா, எல்லா இடத்திலும் ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறாங்க, நான் எங்க போவேன்?" என்று கேட்டாள். 2023 ஜூனில் ரிசல்ட் வந்த நாளிலிருந்து அடுத்த வருடம் மே வரை நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன், பட்ட அவமானங்களையும் சேர்த்து.

வீடு சேலம் சிவதாபுரம். அப்பா கொலுசுப் பட்டறை வேலை, அம்மா வீட்டிலேயே சங்கிலி கோப்பார். நான் கேட்டது சாதாரண அக்கவுண்ட்ஸ் வேலைதான், பத்தாயிரம் வந்தால் போதும் என்று இருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு பிரச்சினை இல்லாமல் ஆன்லைனில் முடிந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், அவ்வளவுதான் அதில். மாதம் 600 ரூபாய் உதவித்தொகை பட்டதாரிக்கு உண்டு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், ஆனால் அதற்குப் பதிவு செய்து 5 வருடம் காத்திருந்திருக்க வேண்டும். அதை நம்பி உட்காராதீர்கள்.

முதல் அடி கல்லூரியில் விழுந்தது. ஆகஸ்டில் ஒரு தனியார் வேலைவாய்ப்பு முகாமில் ஒரு நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் புரொவிஷனல் சான்றிதழோடு வரச் சொன்னது. அன்று திங்கள். கல்லூரி அலுவலகத்துக்கு ஓடினேன். "லைப்ரரி பாக்கி இருக்கு, நோ டியூ இல்லாம தர முடியாது" என்றார் அங்கிருந்த எழுத்தர். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் ஒன்றை நான் திருப்பித் தரவில்லையாம். நான் தந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் அது. சொன்னேன், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாம்மா." செவ்வாய் போனால் நூலகர் விடுப்பு. புதன் போனால் கம்ப்யூட்டரில் பாக்கி என்றுதான் காட்டுகிறது, புத்தக விலையோடு அபராதம் கட்டு என்கிறார்கள். கட்டுவதற்கும் தயாராக இருந்தேன், ஆனால் அந்த ரசீது போடுபவர் வியாழன்தான் வருவாராம். அன்றைக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்கா ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய திரும்பப் பெறும் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, பக்கம் பக்கமாகத் தேடினார். இருந்தது. தேதி, புத்தக எண், என் கையெழுத்து. யாரோ கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்திருக்கிறார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்தது சனிக்கிழமை மதியம். நிறுவனத்துக்கு போன் செய்தேன், வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். அந்த எழுத்தர்மேல் இன்றும் எனக்குக் கோபம் தீரவில்லை. கடைசித் தேர்வு எழுதிய அதே வாரத்தில் நோ டியூ கையெழுத்தை வாங்கி வைத்துவிடுங்கள். நூலகத்தில் புத்தகம் கொடுத்தால் கம்ப்யூட்டரில் வரவு வைக்கும் வரை நகராதீர்கள்.

அடுத்தது வாழப்பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. விளம்பரத்தில் 'ஃப்ரெஷர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று தெளிவாக இருந்தது. காலையில் ஆறரைக்குக் கிளம்பி, புதிய பேருந்து நிலையத்தில் பஸ் மாறி, இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து போனேன். கேட்டில் இருந்த காவலாளி உள்ளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, "டேலியில ரெண்டு வருஷம் பார்த்த ஆள்தான் வேணுமாம்மா" என்றார். டேலி என்பது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். விளம்பரத்தைப் போனில் காட்டினேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது, தண்ணீர் கொடுத்தார், பாவம். எச்.ஆரை நேரில் பார்க்கக்கூட விடவில்லை. வேலை பார்த்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் உள்ளேயே விடுவோம் என்றால் முதல் வேலையை யார்தான் தருவது? அன்றிலிருந்து போன் செய்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளாமல் எங்கேயும் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் 2,500 ரூபாய் கட்டினேன். அம்மாவின் சீட்டுப் பணம் அது. மூன்று இன்டர்வியூ உறுதி என்றார்கள். முதலாவது இன்சூரன்ஸ் பாலிசி விற்கும் வேலை, இரண்டாவதும் அதேதான், மூன்றாவது வரவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது அங்கிருந்தவர் குரலைத் தாழ்த்தி, "நாலாயிரம் குடுங்க, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணிடலாம், ஜிஎஸ்டி நம்பர் இருக்கற கம்பெனி பேர்லயே" என்றார். நான் அன்று இரவு முழுக்க அதை யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனைத்தான் கேட்டேன். "லூசா நீ? சேர்ந்த உடனே யுஏஎன் நம்பர், அதான் பிஎஃப்புக்கான நம்பர், கேப்பாங்க. பிஎஃப்ல எங்க, எந்த மாசம் வேலை பார்த்தேன்னு எல்லாம் வரும். லெட்டர் இருக்கு, பிஎஃப் இல்லேன்னா மாட்டிக்குவ, வெளியே அனுப்பிடுவாங்க, அந்தப் பேரு போகாது" என்றார். அந்த லெட்டரை வாங்காமல் விட்டதற்கு இன்றைக்கும் நிம்மதி. 2,500 மட்டும் போனது போனதுதான். வேலை தருவதற்கு முன்னால் பணம் கேட்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம்.

எனக்குத் தெரியாமலே இருந்த ஒரு வழியை இன்னொரு முகாமில் வரிசையில் நின்ற டிப்ளமோ பையன்தான் சொன்னான். அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு வேலைப் பயிற்சி. நான் அதை ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன். நாட்ஸ் என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களும் சேரலாம். பட்டம் வாங்கி 5 வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்திருக்கக் கூடாது. இந்த வரியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அனுபவம் இருந்தால் வராதே என்று சொல்கிற ஒரே கதவு அதுதான். நான் சேர்ந்தபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000, அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். 4 பேரிலிருந்து 29 பேர் வரை உள்ளவர்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். சேலத்தில் நான் பேசிய பாதி முதலாளிகளுக்கு இது தெரியவில்லை, அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். "வேலை இருக்கா சார்" என்று கேட்டபோது போனை வைத்தவர்கள், "அப்ரண்டிஸ் எடுப்பீங்களா, பாதித் தொகை அரசாங்கம் தருது" என்றபோது இரண்டு நிமிடமாவது பேசினார்கள்.

பதிவு செய்யும்போது ஒரு சிக்கல். மார்க்‌ஷீட்டில் என் பெயருக்கு இனிஷியல் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஆதாரைத் திருத்தி வர இரண்டு வாரம் ஆனது. இதைப் படித்த கையோடு உங்கள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டது சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு பம்புசெட் மொத்த வியாபார நிறுவனம். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கே கணக்கு பார்க்கும் பெரியவர் என் பயோடேட்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாரும் எழுதறதுதான் இருக்கு. நிஜமா ஏதாவது கணக்கு எழுதியிருக்கியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தவள் நின்றேன். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டறை நோட்டு நான்தான் எழுதுகிறேன். முதலாளி தரும் வெள்ளியின் எடை, அதன் டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது), நாங்கள் திருப்பிக் கொடுத்த சங்கிலியின் எடை, மிச்சம் நிற்கும் தூள், கழிக்கிற சேதாரம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 70 டச் கொலுசு 2 கிலோ போனால் சுத்த வெள்ளி 1,400 கிராம் கணக்கில் கழிய வேண்டும், அது தவறினால் அப்பா கைக்காசு போடணும். ஒருமுறை 38 கிராம் குறைகிறது என்று முதலாளி சண்டைக்கு வந்தபோது அந்த நோட்டைக் காட்டித்தான் அப்பா தப்பித்தார். இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "இது ஸ்டாக் கணக்கும்மா. இதை ஏன் எழுதல?" என்றார். எனக்குப் பதில் இல்லை. வீட்டு வேலை என்றே நினைத்திருந்தேன், பதினோரு மாதமும்.

உடனே எடுத்துவிடவில்லை. பதினாலு கொள்முதல் பில் கொடுத்து டேலியில் ஏற்றச் சொன்னார். அதில் பெங்களூரு பில் ஒன்றுக்குக் கைப்பட, மாநிலத்துக்குள் வாங்கும் சரக்குக்குப் போடும் வரிகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துக் குறித்திருந்தது. வெளி மாநிலச் சரக்குக்கு ஐஜிஎஸ்டி அல்லவா வர வேண்டும், ஏற்றலாமா என்று எழுந்து போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். மறுநாள் சேரச் சொன்னார்கள்.

நீங்களும் வீட்டில், கடையில், தறியில், மண்டியில், மகளிர் குழுவில் எழுதிய கணக்கு எதுவாக இருந்தாலும் பயோடேட்டாவில் போடுங்கள், எத்தனை வருடம், என்னென்ன எழுதினீர்கள் என்று. 'கடின உழைப்பாளி' என்ற வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதுங்கள். கேட்டால் காட்ட நோட்டின் இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வையுங்கள். முதலாளி பெயர் தெரியாமல் மறைத்துவிடுங்கள், அது முக்கியம்.

சேர்ந்த பிறகு ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பயிற்சி ஒப்பந்தம் நாட்ஸ் போர்டலில் ஏறி ஒப்புதல் ஆக வேண்டும். என்னுடையது 19 நாள் அப்படியே கிடந்தது, நான் தினமும் திறந்து பார்த்ததால்தான் தெரிந்தது. நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது. அது சரியாகாமல் ஒரு வருடம் ஓடியிருந்தால் முடிவில் சான்றிதழ் கிடைக்காது, உழைத்தது கணக்கிலேயே வராது. "வந்துடும்மா" என்று யாராவது சொன்னால் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்தே மாதம் பறக்கிறது. பட்டறை நோட்டைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். எடை, டச், தேதி, வாங்கியவர் கையெழுத்து நாலும் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை நான் பார்ப்பேன். போன வாரம் ஒரு கையெழுத்து இல்லை. அவனைச் செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்ப அனுப்பி வாங்கி வரச் சொன்னேன்.